படகு ட்ரெய்லரின் தண்டை அறுப்பதற்கு முன் நான் அளந்திருக்க வேண்டியவை

மினசோட்டாவில் வசிப்பவர்கள் என்றாவது ஒரு நாள் படகு வாங்கிவிடுகிறார்கள். நானும் 2022 இலையுதிர்காலத்தில், மினியாப்பொலிஸுக்கு மேற்கே உள்ள எங்கள் புறநகரில் ஒருவரிடம் இருந்து, 115 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்திய 18 அடி நீள அலுமினிய மீன்பிடிப் படகு ஒன்றை ட்ரெய்லருடன் சேர்த்து வாங்கினேன். இங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும் என்பதால், படகு ஆண்டில் பாதி நாள் தரையில்தான் நிற்க வேண்டும். அந்த முதல் குளிர்காலத்துக்கு மாதம் 85 டாலர் வாடகை கொடுத்து ஒரு திறந்தவெளி நிறுத்துமிடத்தில் விட்டிருந்தேன். பனி கரைய ஆரம்பித்ததும் வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வாரத்துக்குள் குடியிருப்போர் சங்கத்தில் இருந்து கடிதம் வந்துவிட்டது. வாசலில் படகோ ட்ரெய்லரோ 48 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்றும், விதியை மீறியதற்காக 50 டாலர் அபராதம் என்றும் எழுதியிருந்தார்கள். வீட்டை வாங்கும்போது நான் கையெழுத்திட்ட தாள்களில் அந்த விதி இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

கார் நிறுத்தும் கொட்டகைக்குள் படகைக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழி இல்லை. கொட்டகையின் உள் நீளம், பின்சுவரில் இருந்து மூடிய கதவின் உட்பக்கம் வரை, 21 அடி 3 அங்குலம், அதாவது 255 அங்குலம். ட்ரெய்லரின் முன்நுனியில் இருந்து எஞ்சினின் விசிறி வரை 22 அடி 7 அங்குலம், அதாவது 271 அங்குலம். ஆக 16 அங்குலம் உதைத்தது. கதவு உரசாமல் இறங்குவதற்கு இன்னும் இரண்டு அங்குலமாவது வேண்டும் என்பதால் 18 அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். படகைக் குறுக்காக நிறுத்தினால் இடம் கிடைக்கும். ஆனால் மறுபாதியில் என் மனைவியின் கார் நிற்கிறது. “ஏங்க, படகு உள்ளே வரட்டும், ஆனால் ஜனவரியில் கார் மேல் இருக்கும் பனியை நீங்கள்தான் சுரண்ட வேண்டும்” என்று அவள் சொன்னதோடு அந்த யோசனை முடிந்தது. அப்போதுதான் ட்ரெய்லரின் முன்தண்டை நடுவில் அறுத்து, கீல் வைத்து, கதவு போல ஒரு பக்கமாக மடித்துக்கொள்ளும் அமைப்பு ஒன்று இருப்பது தெரியவந்தது.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் எப்படியோ அப்படித்தான் ட்ரெய்லருக்கு இந்த முன்தண்டு. என் ட்ரெய்லரில் அது 3 அங்குலத்துக்கு 3 அங்குலம் உள்ள ஒரு சதுர இரும்புக் குழாய். அதன் முன்நுனியில் காரின் கொக்கிக் குமிழை விழுங்கிப் பிடித்துக்கொள்ளும் கப்ளர் இருக்கும். அதற்குச் சற்றுப் பின்னால் தண்டைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கியும், அதற்கும் பின்னால் படகின் மூக்கைக் கட்டி இழுக்கும் வின்ச் கம்பமும் இருக்கும். கீல் அமைப்பு இரண்டு கனத்த எஃகுப் பாதிகளாக வருகிறது. ஒரு பக்கம் நிரந்தரமான சுழல் பின் (தடித்த எஃகு ஆணி), மறுபக்கம் கழற்றி மாட்டக்கூடிய பின். சாலையில் போகும்போது இரண்டு பின்களும் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒன்றை உருவிவிட்டுத் தண்டை மடிக்கலாம். ஓட்டும்போது படகு, எஞ்சின், எரிபொருள், ட்ரெய்லர் எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும் விசை முழுவதும் அந்த இரண்டு பின்கள் வழியாகத்தான் போகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற முடிவுகளை எடுக்க வேண்டும்.

நான் எடுத்த முதல் முடிவே தவறானது. இந்தக் கீல் இரண்டு வகையில் கிடைக்கிறது: ஒன்று வெல்டிங் செய்வது, மற்றொன்று போல்ட் போட்டு முடுக்குவது. வெல்டிங் வகை எழுபது, எண்பது டாலர் குறைவு என்பதால் அதை வரவழைத்துவிட்டு, பிறகு வெல்டிங் கடைகளைத் தேடினேன். இரண்டு கடைக்காரர்கள், சாலையில் ஓடும் ட்ரெய்லரின் தண்டில் தாங்கள் கை வைப்பதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். நாளை அது நடுச்சாலையில் கழன்றால் வழக்கு அவர்கள் மேல்தான் வரும் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்றாமவர் 450 டாலர் கேட்டார். கீலைத் திருப்பி அனுப்பிய செலவும் விற்றவர் பிடித்துக்கொண்ட தொகையுமாக 58 டாலர் போனது. பிறகு 240 டாலருக்குப் போல்ட் வகையை வாங்கினேன். வெல்டிங் தெரிந்தவர், அதுவும் இந்த வேலையைச் செய்ய ஒப்புக்கொண்டவர், கையில் இருந்தால் ஒழிய வெல்டிங் வகையின் பக்கமே போகாதீர்கள். துத்தநாக முலாம் பூசிய ட்ரெய்லராக இருந்தால் வெல்டிங் சூட்டில் எழும் புகை காய்ச்சலை வரவழைக்கும் என்பதையும், அலுமினியத் தண்டுக்கு இந்த எஃகுக் கீல்கள் ஏற்றவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது சாயம் பூசிய சாதாரண இரும்பு.

கீல் எவ்வளவு எடை தாங்கும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த எடையை அதோடு ஒப்பிடுவது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். படகின் விளம்பரத் தாளில் 1,500 பவுண்டு என்று போட்டிருந்தது வெறும் படகின் எடை. எஞ்சின் 360, முப்பது காலன் எரிபொருள் ஏறக்குறைய 180, மூன்று பேட்டரிகள் 170, தூண்டில் சாமான்களும் நங்கூரமும் 200, ட்ரெய்லர் 850 என்று கூட்டினால் 3,260 பவுண்டு வந்தது. லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதுவே வந்தது. என் கீல் 5,000 பவுண்டு தாங்கக்கூடியது என்பதால் கவலை இல்லை. ஆனால் இங்கே 3,000 பவுண்டைத் தாண்டிய ட்ரெய்லருக்கு பிரேக் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். என்னுடையது போல, கார் வேகம் குறையும்போது கப்ளர் அழுந்தி எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் வகை பிரேக் என்றால், தண்டின் வழியாக பிரேக் குழாய் ஓடுகிறது என்று அர்த்தம். இந்த இரண்டாவது செய்தியை நான் யோசிக்கவே இல்லை.

ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். கீலை எங்கே வைப்பது என்று பார்த்தபோது வின்ச் கம்பத்தின் அடிப்பாகம் முன்நுனியில் இருந்து 32 அங்குலத்தில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, கீலின் நடுக்கோடு 28 அங்குலத்தில் வரும்படி சாக்பீஸால் குறித்தேன். 28 அங்குலத் தண்டு பக்கவாட்டில் மடிந்துவிட்டால், கப்ளரின் பருமனைக் கழித்தாலும் 24 அங்குலம் மிச்சமாகும், எனக்கு வேண்டியதோ 18 என்று கணக்குப் போட்டு, மனநிறைவோடு ஆங்கிள் கிரைண்டரை எடுத்தேன். விளக்குகளுக்கான மின்கம்பிகளைக் குழாய்க்குள் இருந்து உருவி வெளியே எடுத்துவிட்டதில், உள்ளே வேறு ஒன்றும் இல்லை என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. மூன்று பக்கம் அறுத்து முடித்து நான்காவது பக்கத்தில் பாதி போனபோது, தீப்பொறிகளுக்கு நடுவில் மங்கிய மஞ்சள் நிறத்தில் ஏதோ எண்ணெய் சொட்டியது. முதலில் மழைநீரும் துருவும் கலந்து வருகிறது என்றுதான் நினைத்தேன். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்த பிறகுதான் அது பிரேக் ஆயில் என்று தெரிந்தது. சக்கரங்களுக்குப் போகும் எஃகு பிரேக் குழாயைத் தண்டோடு சேர்த்து அறுத்திருக்கிறேன்.

கையில் கிரைண்டரோடு அப்படியே நின்றது நினைவிருக்கிறது. இனி இந்த ட்ரெய்லரைச் சாலையில் எடுக்க முடியாது, வாசலில் நிற்கவும் விட மாட்டார்கள், கொட்டகைக்குள்ளும் போகாது. கோபப்படுவதற்குக்கூட எதிரில் ஆள் இல்லை. எப்படியும் அந்த எஃகுக் குழாயை ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். வளையாத குழாய் கீலைத் தாண்டி மடியாது என்பதால், அந்த இடத்தில் வளையும் ரப்பர் ஹோஸ் ஒன்றை இணைக்க வேண்டும். ஆனால் அதை முறையாகக் கழற்றி, வேண்டிய இடத்தில் வெட்டி, முனை விரித்து இணைப்பது வேறு. கிரைண்டரால் நசுக்கி அறுப்பது வேறு. உங்கள் ட்ரெய்லரில் பிரேக் இருந்தால், அறுப்பதற்கு முன்பு கப்ளரில் இருந்து சக்கரம் வரை அந்தக் குழாயை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். எங்கே அது கண்ணுக்கு மறைகிறதோ, அங்கே அது தண்டுக்குள் நுழைகிறது. புதிய ஹோஸும் மின்கம்பியும் தண்டு முழுவதும் மடிந்த நிலையில் இழுபடாத அளவுக்குத் தொய்வாக இருக்க வேண்டும், அதே நேரத்தில் சாலையில் உரசும் அளவுக்குத் தொங்கவும் கூடாது. பிரேக் சாமான்களுக்கு 64 டாலரும் கம்பிகளுக்கு 32 டாலரும் ஆயின. குழாயில் புகுந்த காற்றை எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதால், அடுத்த சனிக்கிழமை மாலை முழுவதும் என் மனைவி கப்ளரை அழுத்திக்கொண்டும் நான் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டும் இருந்தோம்.

அறுத்த பிறகு துளை போட்டது அடுத்த தவறு. கீலை மூடிய நிலையில், பின்கள் இரண்டையும் மாட்டி, அறுக்காத முழுத் தண்டின் மேல் கிளாம்ப் வைத்து இறுக்கி, எல்லாத் துளைகளையும் போட்டு முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் தண்டை அறுக்க வேண்டும். அப்படிச் செய்தால் தண்டின் நேர்க்கோடு தானாகவே காப்பாற்றப்படும். நான் அறுத்து இரண்டு துண்டாக்கிவிட்டு, கட்டைகளை அடுக்கி, நூல் பிடித்து, மூலமட்டம் வைத்து நேர்ப்படுத்தித் துளை போட்டேன். கால் அங்குலத்தில் பாதிதான் விலகியிருந்தது. ஆனால் அந்தப் பாதியால் கழற்றும் பின் உள்ளே இறங்கவில்லை. சுத்தியலால் அடித்து இறக்கினேன். பிறகு அடித்துத்தான் எடுக்கவும் முடிந்தது. தினமும் கையால் உருவ வேண்டிய பின் அது. துளையைக் கொஞ்சம் ராவிப் பெரிதாக்கிவிடலாமா என்று கை அரித்தது. நல்ல வேளை, அதை மட்டும் செய்யவில்லை. துளை நீள்வட்டமானால் போல்ட் உள்ளே ஆட ஆரம்பித்துவிடும். ஆடுகிற போல்ட் நாளடைவில் துளையைத் தானே அறுத்துப் பெரிதாக்கிக்கொள்ளும்.

கீலின் துளைகளுக்காக மட்டும் இரண்டு சாதாரண டிரில் பிட்களை மழுங்கடித்துவிட்டு, கோபால்ட் பிட்கள் வாங்கினேன்; 46 டாலர். முதலில் சிறிய துளை போட்டு, பிறகு படிப்படியாகப் பெரிதாக்கி, இடையிடையே எண்ணெய் விட்டு, வேகத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டிப் போட்டால் பிட் நிற்கிறது. போல்ட் முடுக்கும்போது பலம் இருக்கிறது என்று முடுக்கிக்கொண்டே போகாதீர்கள். உள்ளே வெறும் குழாய்தான். அளவுக்கு மீறினால் பக்கச்சுவர் குழிந்துவிடும், குழிந்த பிறகு எவ்வளவு முடுக்கினாலும் பிடிப்பு வராது. செட்டோடு வரும் தாளில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கி, முதல் ஐம்பது மைல் ஓட்டிய பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும். அறுத்த விளிம்புகளுக்குக் கீலை மாட்டுவதற்கு முன்பே துத்தநாகச் சாயம் அடித்துவிடுங்கள். மாட்டிய பிறகு அங்கே தூரிகை போகாது, தண்ணீர் மட்டும் போகும்.

கடைசியில் ட்ரெய்லர் பழுதுபார்க்கும் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்தேன். வெள்ளைத் தாடியோடு வந்த அந்தப் பெரியவர் தண்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒன்றும் சொல்லாமல் வாகனத்தில் இருந்து ஒரு நீளமான இரும்புச் சட்டத்தை எடுத்துவந்து தண்டின் பக்கத்தில் வைத்து, எனக்கு விலகலைக் காட்டினார். முன்துண்டின் துளைகளைக் கைவிட்டுவிட்டு, கீலைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் புதிய துளைகள் போட்டு, கழற்றும் பின்னை ஒரு விரலால் தள்ளினாலே அது இறங்கும்படி செய்துகொடுத்தார். அவர் போகும்போதுதான் நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். பாதுகாப்புச் சங்கிலிகள் பழைய இடத்திலேயே, கப்ளருக்கு அருகில், கீலுக்கு முன்னால் இருந்தன. நடுவழியில் கீல் விட்டுப்போனால் அந்தச் சங்கிலிகள் 28 அங்குல இரும்புத் துண்டை மட்டும் பத்திரமாகக் காரோடு கட்டி வைத்திருக்கும், படகு அதன் வழியில் போய்விடும் என்றார். சங்கிலிகளை நீட்டி, கீலுக்குப் பின்னால் தண்டின் உறுதியான பகுதியில் கட்டினார். எல்லாவற்றுக்குமாக 310 டாலர் வாங்கிக்கொண்டார். நான் கொடுத்த பணத்திலேயே உருப்படியானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

மே 6 அன்று படகைப் பின்புறமாகக் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்தி, காரில் இருந்து கழற்றி, ஜாக்கியை இறக்கி, பின்னை உருவித் தண்டைத் தள்ளினேன். ஜாக்கி இருந்தது முன்துண்டில். அதன் அடியில் சின்னச் சக்கரம் இருந்ததால், தண்டு மடியும்போது அதுவும் கூடவே உருண்டு வந்துவிடும் என்று நம்பினேன். பாதி தூரம் வந்ததும் கொட்டகையின் கான்கிரீட்டும் வெளிப்பாதையின் தாரும் சேரும் விரிசலில் அந்தச் சக்கரம் மாட்டிக்கொண்டது. படகின் மூக்கு மெல்ல ஒரு பக்கமாகச் சாய, கீலில் இருந்து கரகரவென்று ஒரு முனகல் வந்தது. போதாக்குறைக்கு, கொட்டகைத் தரைகள் தண்ணீர் வடிவதற்காகக் கதவை நோக்கிச் சரித்துப் போடப்பட்டவை என்பதால், ட்ரெய்லர் என்னை நோக்கி நகர ஆரம்பித்தது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருந்தது ஒரு பக்கம் மட்டும்தான். தோளைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து ஒரு செங்கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளிய பிறகுதான் மூச்சு வந்தது.

ஜாக்கி கீலுக்குப் பின்னால், படகு நிற்கும் பகுதியில் இருந்தாக வேண்டும். திறந்த கீல் எடையைத் தாங்குவதற்கானது அல்ல. தண்டு இடப்பக்கம் மடிகிறது என்றால் ஜாக்கி வலப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிந்த தண்டு அதில் போய் இடிக்கும். வின்ச் கம்பத்துக்குப் பக்கத்தில் படகின் வயிறு தலைக்கு மேல் இருப்பதால், உச்சியில் கைப்பிடி சுற்றும் ஜாக்கியை அங்கே சுற்ற முடியாது. பக்கவாட்டில் சுற்றும் கைப்பிடியும், ஓட்டும்போது மேலே மடக்கி வைக்கும் வசதியும் உள்ளதாகப் பார்த்து 78 டாலருக்கு வாங்கினேன். இதையும் அறுப்பதற்கு முன்பே மாற்றியிருந்தால், அறுக்கும் நேரத்தில் தண்டைத் தாங்க நான் கட்டைகளை அடுக்கித் தடுமாறியிருக்க வேண்டாம்.

மே 13. மினசோட்டாவில் வால்ஐ மீன்பிடிப் பருவம் தொடங்கும் நாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் விடியும் முன்பே மில் லாக்ஸ் ஏரிக்குப் போய்விட்டார்கள். நான் புது ஜாக்கியை மாட்டி, இருபுறமும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்னை உருவி, ஒற்றைக் கையால் தண்டை மடித்தேன். அழகாக மடிந்தது. சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினேன். கதவு இறங்கி வந்து, பாதிக்குச் சற்று மேலே எதையோ தட்டி, தயங்கி, தானாகவே மேலே போய்விட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி இறங்கி, அதே இடத்தில் தட்டி, மேலே போனது. குனிந்து தண்டையும் கப்ளரையும் பார்த்தேன். அங்கே கையகலம் இடம் இருந்தது. நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, கதவு தட்டியது ட்ரெய்லரை அல்ல, படகை. மீன்பிடிக்கும்போது படகை மெல்ல நகர்த்துவதற்காக மூக்கில் பொருத்திய சிறிய மின்மோட்டாரின் தலை, கீலின் கோட்டில் இருந்து 15 அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. தண்டு நீளமாக இருந்தவரை கப்ளர்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது. அதை மடித்ததும் அடுத்தபடியாக முன்னால் இருப்பது எது என்று நான் யோசிக்கவே இல்லை. ஆகவே, மிச்சமானது 24 அங்குலம் அல்ல, வெறும் 13.

இதை அளக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு நூலில் நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாக்கி, படகின் மிக முன்னால் இருக்கும் நுனியில் இருந்து தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். கீலை எவ்வளவு பின்னால் வைத்தாலும் அந்தக் கோட்டுக்குப் பின்னால் உங்களுக்கு ஓர் அங்குலம்கூட மிச்சமாகாது. அங்கிருந்து எஞ்சினின் கடைசி நுனி வரை உள்ள நீளம்தான் மடித்த பிறகு உங்கள் படகின் நீளம். அது கொட்டகைக்குள் போகுமா என்று பார்த்துவிட்டுக் கீலை வாங்குங்கள். எஞ்சினை முழுவதும் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தும் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஓரிரண்டு அங்குலமே குறைவாக உள்ளவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்து, எதையும் அறுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம்.

எனக்கு விடிவு வந்தது, மின்மோட்டாரை ஒரு நிமிடத்தில் கழற்றி எடுக்க உதவும் தட்டு ஒன்றின் மூலமாக; விலை 95 டாலர். மோட்டாரை எடுத்துவிட்டால் படகின் மூக்கு கீலுக்கு முன்னால் 5 அங்குலம்தான் நீட்டுகிறது. 23 அங்குலம் மிச்சமாகி, கதவு உரசாமல் இறங்கியது. அபராதத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன்: 973 டாலர், ஐந்து வார இறுதிகள், ஒரு பருவத் தொடக்க நாள். நான் முதலில் ஒதுக்கியது 250 டாலரும் ஒரு சனிக்கிழமையும். நிறுத்துமிட வாடகை ஆண்டுக்கு 1,020 டாலர் என்பதால், நட்டம் என்று முழுவதுமாகச் சொல்லிவிடவும் முடியாது.

இப்போது கிளம்பும்போதெல்லாம் பின்னும் அதைப் பூட்டும் கிளிப்பும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பதோடு விடாமல் கையால் தொட்டும் பார்க்கிறேன். மாற்றுக் கிளிப் ஒன்று கார் கதவின் பைக்குள் எப்போதும் இருக்கிறது. பருவத்துக்கு இரண்டு முறை பின்களுக்குக் கிரீஸ் போட்டு, தண்டை மேலும் கீழும் அசைத்துக் கீலில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். கதவுக்கும் படகின் மூக்குக்கும் நடுவில் மிஞ்சிய 7 அங்குலத்தில் பனி வாரும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.